ஒற்றை வேன்காரர் இன்ஜின் மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். பழைய வேனில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் இன்ஜின் போய்விட்டால் கவலைப்பட வேண்டாம். பழைய வண்டி உறுப்புகள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் டாடா 407 என்ற சின்ன லாரியின் இன்ஜின் ஒன்றை வாங்கி இறக்கினால் மலையெல்லாம் சும்மா ஏறும் என்று. காபியோடு அதைப் படித்த என் மனைவி பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினாள். "இதையேதானே நீங்களும் போன வருஷம் சொன்னீங்க?" என்றாள். சொன்னேன்தான். அப்புறம் எட்டு மாதம் அலைந்ததில் என் பேச்சு மாறிவிட்டது. அந்தக் கடிதத்தை நம்பி யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். கூடவே போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. கடிதம் நீளம்தான். வெட்டுவதென்றால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள். வெள்ளத்தில் நின்ற இன்ஜின் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருடம் போரிங் மெஷினில், அதாவது இன்ஜின் சிலிண்டரைக் கடையும் மெஷினில், நின்றவன். வண்டி ஓட்டத் தெரிந்ததைவிட இன்ஜின் பிளாக்கின் ஓட்டையை அளக்க நன்றாகத் தெரியும். வேன் 2002 மாடல் பஜாஜ் டெம்போ டிராவலர். அப்போது கம்பெனிக்குப் பெயர் அதுதான்; 2005-இல்தான் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. ஸ்டாஃப் வண்டியாக ஓடிக் களைத்ததை 2014-இல் வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்னால் பலகைப் படுக்கை, மடக்கு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, 80 லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்தோம். உட்கார இடமும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம் இவையெல்லாம் இருந்தால்தான் மோட்டார் காரவன் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அதன்படி செய்து ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது. 15 வருடம் முடிந்ததும் 2017-இல் ஒரு தடவை, 2022-இல் ஒரு தடவை புதுப்பித்தோம். அடுத்தது 2027. ஆக, வண்டிக்கு வயதாகிவிட்டது, ஆனால் பேப்பரில் உயிர் இருக்கிறது. இந்த நிலைமையில்தான் இன்ஜின் போனது.

போன இடம் ஏலகிரி மலைப்பாதை. வாணியம்பாடி தாண்டி, பொன்னேரி என்ற ஊரில் இடது பக்கம் திரும்ப வேண்டும். நம் மீஞ்சூர்ப் பக்கத்துப் பொன்னேரி இல்லை, அது வேறு. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறாவது வளைவில் ஹீட் முள் சிவப்புக்குப் போனது. ஒன்பதாவதில் ஹெட் காஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்ச் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. வேனை ஓரம் கட்டிக் கல் வைத்தோம். மனைவி இறங்கி வளைவின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "நல்ல ஆளுகிட்டதான் வந்து நின்னுருக்கீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாணியம்பாடி வரை கயிறு கட்டி இழுத்து, அங்கிருந்து லாரியில் ஏற்றிச் சென்னை வந்து சேர்ந்தோம்.

கழற்றிப் பார்த்தபோது ஹெட் கோணியிருந்தது. அது பெரிய விஷயமில்லை, மட்டம் பிடித்துவிடலாம். சிலிண்டரும் தேய்ந்திருந்தது, மூன்றாவது சிலிண்டரின் மேல் பகுதியில் போர் கேஜ் 0.28 மில்லிமீட்டர் காட்டியது. அதற்கும் வழி இருக்கிறது. போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், இல்லையென்றால் லைனர் இறக்கலாம். என் தொழிலே அதுதானே. ஆனால் தண்ணீர் ஓடும் பாதையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியபோது இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் துரு அரித்து அரித்து விரிசல் விட்டிருந்தது. அந்த பிளாக்கில் இனிமேல் எதுவும் நிற்காது.

காரணம் நானேதான். பத்து வருடமாக எங்கள் தெரு போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன். குளிரே இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கூலன்ட் என்பது தண்ணீர் உறையாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை. இரும்பைத் துரு பிடிக்காமல் காப்பது அதுதான், தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் கொஞ்சம் உயர்த்துவதும் அதுதான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும், பிளாக் அரிக்கும். 31 வருடம் அடுத்தவர் பிளாக்கைத் திருத்தியவன் என் பிளாக்கை இப்படித் தின்னக் கொடுத்தேன். இதை வாசகர்கள் தாராளமாகச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

சரி, வேறு இன்ஜின் தேட வேண்டும். என்ன இன்ஜின்?

முதலில் இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டிராவலரில் இருப்பது மெர்சிடீஸ் ஓஎம் 616. நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1973-இல் ஜெர்மனியில் 240டி என்ற காரில் வந்தது. அங்கே டாக்ஸிக்காரர்கள் ஓட்டி ஓட்டிப் பேர் வாங்கிக் கொடுத்த இன்ஜின். டிராவலரின் உடம்பும் மெர்சிடீஸின் டி1 என்ற வேன்தான், 1977-இல் வந்தது. இரண்டையும் லைசென்ஸ் வாங்கி இங்கே 1987-இல் டிராவலராக இறக்கினார்கள். எழுபது சொச்சம் குதிரை சக்திதான். ஆனால் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலும் சளைக்காமல் சுற்றும். இந்த 4000 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், வாசக நண்பரின் 407 யோசனை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

407 இன்ஜின் 2956 சிசி. நல்ல இன்ஜின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கு வண்டிக்கென்று செய்தது. கீழ் சுற்றிலேயே இழுக்கும், 3000 சுற்றுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். என் வேனின் பின் ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியன் பல் கணக்கு வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்காக வைத்தது. டாப் கியரில் 4000 சுற்றில் 90 கிலோமீட்டர் போகிற வண்டியில் 3000 சுற்று இன்ஜினை வைத்தால் 67-ஐத் தாண்டாது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்காரர்கள் பின்னால் நின்று ஹாரன் அடிப்பார்கள். அப்போது என்ன செய்வோம்? கிரவுன்-பினியனை மாற்றுவோம், இல்லையென்றால் ஹவுசிங்கையே மாற்றுவோம். இன்ஜின் வாங்கப் போனவன் பின்பக்க ஆக்சில் வாங்கிக்கொண்டு வருவான்.

அதோடு முடியாது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் ஓட்டை பொருந்தாது, நடுவில் ஒரு பிளேட் கடைய வேண்டும். அந்த பிளேட்டின் மையம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கியர் பாக்ஸின் முன் பேரிங் அழும். ஒரு காலத்தில் இந்த மாதிரி பிளேட் நிறையக் கடைந்திருக்கிறேன். பாதிப் பேர் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் குழி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டத்தில் இடித்தால் சம்பை வெட்டி ஒட்ட வேண்டும். முன் பக்கம் எடை கூடும், ஸ்பிரிங் பட்டை உட்காரும். ரேடியேட்டர் போதாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது பிரேக். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய காற்றிழுப்பைக் கொடுப்பது இன்ஜினில் இருக்கும் வாக்யூம் பம்ப். ஓஎம் 616-இல் அது இன்ஜினின் முன்பக்கம் இருக்கிறது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கும். இன்ஜினை மாற்றிவிட்டு இந்தக் குழாயைச் சரியாக யோசிக்காமல் விட்டால், மலை இறங்கும்போது பெடல் கல்லாக நிற்கும். மலை ஏறுவதைப் பற்றி மட்டும் எழுதிய நண்பர் இறங்குவதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மெக்கானிக் தம்பி வேறு யோசனை சொன்னார். "சார், புது டிராவலர்ல வர்ற காமன் ரெயில் இன்ஜினைப் போட்ருவோம். 2596 சிசி. அதே கம்பெனி, அதே குடும்பம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இன்ஜின் தனியாக வராது. கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல், முழு வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். டீசலைத் தெளிக்கும் பழைய நாசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் ஆயிரத்துக்கு மேல், அதற்கு டீசல் சுத்தமாக இருக்க வேண்டும். எந்த ஊர் பங்க்கில் எந்த டீசல் கிடைக்குமோ என்று சுற்றுகிற வண்டி இது. பழைய இன்ஜின் வழியில் நின்றால் திருத்துறைப்பூண்டியிலும் ஒருவர் பானாவோடு வருவார். காமன் ரெயில் நின்றால் முதலில் லேப்டாப் வர வேண்டும். பேரனோ, "தாத்தா, எலெக்ட்ரிக்கா மாத்திடு" என்றான். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்குகிற எங்களுக்கு அது இப்போதைக்கு ஆகாது.

ஆகவே அதே ஓஎம் 616 என்று முடிவு செய்தேன். கியர் பாக்ஸ் பொருந்தும், மவுண்ட் பொருந்தும், பிரேக் குழாய் இருந்த இடத்தில் மாட்டும். ஸ்பேருக்கும் அலைய வேண்டாம். பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிற ஊர், செம்பியத்தில் பிஸ்டன் செய்கிற ஊர் இது. பழைய இன்ஜினுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று சென்னையில் இருந்துகொண்டு யாரும் அழக்கூடாது.

இனி புதுப்பேட்டை. கூவம் ஓரம் அந்தத் தெருக்களுக்குள் நான் 1985-இலிருந்து போய்வருகிறேன். நேர்மையான வியாபாரிகள் அங்கே நிறைய உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பாய் கடையில் ஆல்டர்னேட்டர் வாங்கி, சரியில்லையென்று நாலு நாள் கழித்துக் கொண்டுபோனபோது, பேசாமல் வேறு எடுத்துக் கொடுத்தார். அதனால் நான் சொல்லப்போவது ஒரே ஒரு கடையைப் பற்றி. பெயர் வேண்டாம்.

அந்தக் கடையில் ஒரு ஓஎம் 616 நின்றது. சாம்பல் நிறத்தில் புது பெயின்ட். "டிரஸ்ட் வண்டி இன்ஜின் சார், நாப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்றார். விலை 65,000. ஸ்டேண்டில் வைத்து ஸ்டார்ட் செய்தே காட்டினார். பிடித்தது, புகை இல்லை. நான் 20,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு டெம்போவில் ஏற்றி வந்துவிட்டேன். ஸ்டார்ட் ஆகிற இன்ஜினைப் பார்த்ததும் கையில் இருந்த வித்தையெல்லாம் மறந்துபோய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினேன். அது உட்காரும் குழிக்குள் மூலையில் பவுடர் மாதிரி மண். சாலை மண் கரகரவென்றிருக்கும், ஆயிலோடு கலந்து கருப்பாக ஒட்டியிருக்கும். இது நகக்கண்ணில் எடுத்தால் விபூதி மாதிரி வழவழவென்று இருந்தது. ஃப்ளைவீல் ரிங்கின் பல்லில் ஒரு பக்கம் மட்டும் கோடு போட்ட மாதிரி துரு. தண்ணீர் எதுவரை நின்றதோ அதுவரை. மனசுக்குத் தெரிந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை வண்டி முங்கி நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டிகளின் உறுப்புகள் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்.

ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து டயல் கேஜ் வைத்து அளந்தேன். ஒன்று, இரண்டு, நாலு சரியாக இருந்தன. மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட 1.1 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. அதாவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் இழுத்த இன்ஜினில் நடப்பது இதுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டும், ராட் வளைந்துகொடுக்கும். முழுதாக உடையாமல் கொஞ்சம் வளைந்தால் இன்ஜின் ஓடவே செய்யும். ஸ்டேண்டில் ஓடும், சிட்டிக்குள் ஓடும். லோடு வைத்து மலை ஏறும்போது ஒரு நாள் ராட் முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். என் வேனில் படுக்கைக்கு நாலடி முன்னால் இன்ஜின் இருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்தேன். இன்ஜின் எண் குத்தியிருக்கும் இடத்தில் பெயின்டைத் தின்னர் வைத்துத் துடைத்தபோது, கீழே கிரைண்டர் ஓட்டிய கோடுகள். எண் இருந்தது, ஆனால் எழுத்துகள் ஒரே மட்டத்தில் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் போனதற்காக இல்லை. திருட்டு வண்டி இன்ஜினாக இருந்து, என் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டிருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

மறுநாள் கொண்டுபோய் இறக்கினேன். பில் கேட்டேன். "செகண்ட் ஹேண்ட் மாலுக்கு பில் யார் சார் தருவா?" என்றார். நீண்ட பேச்சுக்குப் பிறகு 12,000 திரும்ப வந்தது. மீதி 8,000 என் படிப்புச் செலவு.

பிறகு கிடைத்தது அரக்கோணம் பக்கத்தில். ஒரு கழித்த ஆம்புலன்ஸ், அதே மாடல், ஏலத்தில் எடுத்தவர் உடைக்கப் போகிறார். முழு வண்டியாக நிற்கும்போதே போய்ப் பார்த்தேன். ஆர்.சி. நகலில் இருக்கும் இன்ஜின் எண்ணும் பிளாக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தன. இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று, பார்த்தோம். இந்த இன்ஜின் நல்ல நிலையில் 22-இலிருந்து 24 பார் காட்டும், 15-க்குக் கீழே போனால் பிரிக்க வேண்டியதுதான், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3-க்கு மேல் இருக்கக்கூடாது. எனக்கு வந்தது 21, 20, 21, 19. ஆயில் பிரஷர் முள் 3-இல் போய் ஒட்டிக்கொண்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே கையை வைத்தேன். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கசிகிற காற்று கையைத் தள்ளும். இங்கே லேசான சூடு, கொஞ்சம் ஆவி, கையைத் தள்ளவில்லை. என் பழைய இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் அது தானாகவே துள்ளும். 72,000 கொடுத்தேன். விற்றவர் இன்ஜின் எண் எழுதி, எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்தார். அந்த ஒரு தாளுக்காகவே இன்னும் 5,000 கொடுத்திருப்பேன்.

டைமிங் செயின், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் புதிதாகப் போட்டு, பம்ப்-நாசில் சர்வீஸ் செய்து, செயின் பிளாக் கட்டி இரண்டு நாளில் இறக்கிவிட்டோம். கூலன்ட் ஊற்றினேன், பச்சை நிறம். மனைவி பாட்டிலை வாங்கிப் பார்த்து விலையைக் கேட்டாள். பழைய பிளாக்கைக் காட்டினேன். பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

இதுவரை எல்லாம் என் கையில் இருந்தது. இனி சொல்வது அரசாங்கத்தின் கையில் இருப்பது.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 407 இன்ஜின் யோசனை இங்கேயும் இடிக்கிறது; சிசி மாறுகிறது, கம்பெனியே மாறுகிறது. அதே ரக இன்ஜின் என்றாலும் எண் மாறுவதால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் புது எண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் என்ன ஆகும்? வண்டியை விற்க முடியாது, 2027-இல் எஃப்.சி.க்குக் கொண்டுபோனால் எண் பொருந்தாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். இதெல்லாம் நியாயமான சட்டம். கிரைண்டர் ஓட்டிய எண்ணைக் கையால் தடவிப் பார்த்தவன் நான், சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் வேறு. அதே பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. லாரி, பஸ், வாடகை வண்டி மாதிரியான போக்குவரத்து வாகனம் பத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே கம்பெனி, அதே ரக இன்ஜின் என்றால், முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிப்பு வெளியிட்டு அனுமதிக்கலாம். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவித்து, கட்டணம் கட்டினால் போதும். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஆபீஸ் உண்டு, ஆள் உண்டு, ஏஜென்ட் உண்டு. ஒரு வண்டி வைத்திருக்கிறவன் வரிசையில் அவனேதான் நிற்க வேண்டும்.

நகரத்தில் ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகம், எது என்று எழுதவில்லை. இன்ஜினை இறக்குவதற்கு முன்னாலேயே அனுமதி கேட்டுப் போனேன். முதல் தடவை, "இன்ஜின் வாங்கின பில் இருக்கா?" என்றார்கள். வாங்குவதற்கு முன்னால் எப்படி பில் இருக்கும்? வாங்கிய பிறகு போனேன். "ரசீது செல்லாது, ஜிஎஸ்டி பில் வேணும்." ஒரு வண்டியை உடைத்து விற்கிற தனி ஆள் ஜிஎஸ்டிக்கு எங்கே போவார்? மூன்றாம் தடவை வேறொருவர் இருந்தார். அவர் ரசீது போதும் என்றார், ஆனால் ஆம்புலன்ஸின் ஆர்.சி. ரத்தான கடிதம் கேட்டார். அது நியாயமான கேள்வி, அரக்கோணம் போய் வாங்கி வந்தேன். நாலாம் தடவை இணையதளத்தில் பதிவு செய்த சீட்டு எங்கே என்றார்கள். ஐந்தாம் தடவை இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். நல்ல மனிதர், அவரே குனிந்து எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்தார். எழுத்துகள் வரிசையாக, ஒரே மட்டத்தில் வந்தன. எனக்கு அதைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கவுன்டரில் இருந்த யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, மரியாதைக் குறைவாகப் பேசவும் இல்லை. ஆனால் ஐந்து தடவையும் ஐந்து பட்டியல். வாசலில் நின்ற ஏஜென்ட் ஒருவர் மட்டும், "ஆறாயிரம் கொடுங்க சார், நீங்க வரவே வேணாம்" என்று முதல் நாளே சொன்னார். அவருக்கு மட்டும் பட்டியல் முழுதாகத் தெரிந்திருந்தது.

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே கம்பெனி, அதே ரக இன்ஜினைச் சொந்த வண்டியில் மாற்றுகிறவர் என்னென்ன தாள் கொண்டுவர வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை எழுதிக் கவுன்டர் பக்கத்தில் மாட்டுங்கள். வாங்குவதற்கு முன் எது, வாங்கிய பின் எது என்று பிரித்து எழுதுங்கள். வண்டியை உடைத்து விற்கிறவர் எண்ணோடு கொடுக்கும் ரசீதுக்கு ஒரு மாதிரிப் படிவம் அச்சடித்துக் கொடுங்கள். புதுப்பேட்டையில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களே அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் எண் தேய்த்து விற்கிறவனால் கெட்டுப்போவது அவர்கள் பேர்தான். பத்து வண்டிக்காரருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கிற கதவை ஒரு வண்டிக்காரருக்கும் திறக்க மத்திய அரசுக்கு மாநில அரசு எழுதினால் இன்னும் நல்லது. அதற்கு நாளாகும், தெரியும். பலகைக்கு நாளாகாது.

வாசக நண்பருக்கு: 407 இன்ஜினுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி இதுதான்: "பழைய இன்ஜின் எங்கே?" வாசலில் கிடக்கிறது என்றேன். "அதை என்ன செய்யப் போறீங்க? எழுதிக் கொடுங்க" என்றார். காயலான் கடைக்குப் போட்டால் அந்த எண் என் பெயரில் எங்கேயாவது சுற்றுமோ என்று பயமாக இருக்கிறது. எண் இருக்கும் இடத்தை அறுத்துக் கொண்டுவந்து ஒப்படைக்கலாமா என்று கேட்டேன், விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. அந்த விவரமும் பலகையில் இருந்தால் நல்லது. அதுவரை பிளாக் வாசலிலேயேதான் இருக்கும். மனைவி நாலு சிலிண்டர் ஓட்டையிலும் மண் போட்டுத் துளசி நட்டுவிட்டாள். தேய்ந்துபோன மூன்றாவதில்தான் நன்றாக வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போரிங் மெஷின் தொழிலாளி ஒருவர்,
சென்னை